பாக்கி இல்லை

ஆய்வேட்டை மூன்றாம் அத்தியாயத்தில் கைவிட்டு
வங்கித் தேர்வு எழுதியவள் நான்.
செம்மடுவில் பதினோரு மாதம் தங்கியதில்
குறிப்பேட்டில் பாதித் தாள் மிச்சம்.
வீணாக்குவானேன் என்று
சேலம் ஐந்து ரோடு கிளையில் உட்கார்ந்து
எழுதிக்கொண்டிருக்கிறேன்:

இக்குடியினர் காலையில் ஒரு கருவிக்குக்
கட்டைவிரலைக் காட்டுவர்.
அது ஏற்காவிட்டால், ஆள் எதிரே நின்றாலும்
வரவில்லை என்றே பொருள்.
மார்ச் கடைசி இரவில் உறங்குவதில்லை.
அன்று எண்கள் பொருந்தாவிட்டால்
யார்மேலாவது பழி இறங்கும்.
பெட்டகத்துக்குச் சாவி இரண்டு.
இரண்டும் ஒரே கையில் சேரலாகாது.

சிரிப்பதற்குத்தான் எழுதினேன்.
மலையைப் பற்றி இதே நடையில் எழுதியபோது
யாரும் சிரிக்கவில்லை, நான் உட்பட,
என்பது பிறகுதான் உறைத்தது.

போன புதன்கிழமை
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்
தீர்த்தன் வந்தார்.
மிளகுக்கொடிக்கு வாங்கிய கடன், கடைசித் தவணை.
பஸ் மயக்கம் இன்னும் முகத்தில்.
எண்ணி, முத்திரை குத்தி, சான்றை நீட்டினேன்.
படிக்கச் சொன்னார். படித்தேன்:
வங்கிக்கும் மேற்படியாருக்கும் இடையே
இனி எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

"நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?"

அவர் ஊரில்
இரவல் போன பாத்திரம் வெறுமையாய்த் திரும்பாது.
அடியில் நாலு மிளகாவது கிடக்கும்.
அதற்குப் பதில் இன்னொரு நாள் ஒரு பிடி சாமை.
கணக்கு நேராகிவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.
படியைத் தலைதட்டி அளப்பது
அண்ணன் தம்பி பிரிகிற அன்றைக்கு மட்டும்.
இதையெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.
'எளிய சமூகங்களில் பரிமாற்றம்' என்று தலைப்பு.
எளிய என்ற சொல்லை யார் எனக்குக் கடன் தந்தார்கள்?

மஞ்சள் பையிலிருந்து
ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.
என் தலைக்கு மேல் கேமரா.
அதன் கீழே பலகை: அன்பளிப்புப் பெறுவது குற்றம்.
விலக்கு இல்லாத குலம் ஏது.
"குப்பையிலயாச்சும் போடு,
திருப்பி மட்டும் குடுத்துறாத."

அன்று மாலை காசாளர் நஸ்ரீனுக்கு
முப்பது ரூபாய் குறைந்தது.
கணினி தலைதட்டித்தான் அளக்கும்.
காவலாளி செங்கோடன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டார்.
மறுநாள் அவள் நீட்டியபோது வாங்கவில்லை.
"இருக்கட்டும் மேடம்."

இருக்கட்டும்.
ஐந்து வருடமாக இந்தச் சொல்
கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நடமாடுவதை
நான் குறித்துவைக்கவில்லை.
எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி இல்லை;
அது இல்லாமல் ஒருநாளும்
கிளை மூடியதுமில்லை.

மிளகு என் இழுப்பறையில் இருக்கிறது.
அடுத்த வாரம் தணிக்கை.