மாடிப்படி விளக்கு

பெதஸ்தா. வேதாகமத்துக் குளத்தின் பெயர்.
வேல்ஸின் இந்த ஊரில் குளம் இல்லை.
பலகைக்கல் கூரைகளின் மேல்
வாரத்தில் ஆறு நாள் மழை,
ஏழாம் நாள் தூறல்.

பதினாறாம் எண் வீடு.
கதவைத் திறந்தவள் பெயர் நெஸ்ட்டா.
இடுப்பில் பிள்ளை, காதில் போன்.
எலக்ட்ரீஷியன் வருவான் என்று காத்திருந்தவள்
என் பூட்ஸை ஒரு தரம் பார்த்தாள், முகத்தை ஒரு தரம்.
எனக்குப் பழக்கம்தான்.
"நாலு மணிக்குள் முடியும்,
ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள்."

படிக்கட்டின் அடியில்
குடை, மடக்கு நாற்காலி, ஒற்றை ரப்பர் பூட்ஸ்,
இவற்றுக்குப் பின்னால் மீட்டர்.
அதன் கீழே கம்பெனியின் ஃப்யூஸ், முத்திரை வைத்தது.
அதை நான் தொடுவதில்லை.
தொட்டவனைத் தெரியும்.
ரைஸ், என்னோடு படித்தவன்,
"ரெண்டு நிமிஷம்தானே" என்று முத்திரையை அறுத்தான்.
இப்போது இடது கையால் தேநீர் கலக்குகிறான்.
நன்றாகத்தான் கலக்குகிறான்.

அதனால் போன வாரமே கம்பெனிக்காரர்களை வரவழைத்து
மீட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில்
சிவப்பாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லியிருந்தேன்.

அணைத்தேன்.
ஃப்ரிட்ஜின் முனகல் நின்ற பிறகுதான்
அது இத்தனை நேரம் முனகியது தெரிந்தது.
பூட்டு மாட்டினேன். அட்டையில் என் பெயர்: எலேரி.
சாவி என் பையில்.
இனி இந்த வீட்டுக்கு வெளிச்சம் தர
கடவுளே வந்தாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான்.
அந்தப் பக்கம், மீட்டரிலிருந்து இறங்கும் தடிக் கம்பிகள்
எப்போதும்போல் விழித்திருக்கின்றன.

அணைத்தது வேறு, செத்தது வேறு.
கம்பியைக் கேட்கும் முன் கருவியைக் கேட்க வேண்டும்:
உனக்கு உயிர் இருக்கிறதா?
தெரிந்த மின்சாரத்தில் அதன் மூக்கை வைத்தேன்.
இருக்கிறது என்றது.
பிறகு கம்பியிடம். இல்லை.
பிறகு திரும்பவும் கருவியிடம்:
இல்லை என்றபோது நீ உயிரோடுதான் இருந்தாயா?
இருந்தேன்.
செத்தவன் சொல்லும் 'இல்லை'யை நம்பிக்
கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டியில் எல்லாம் செத்திருந்தது.
இருந்தும் அறை அறையாகப் போனேன், அது என் கிறுக்கு.
சமையலறை, இல்லை.
முன்னறை, இல்லை.
மாடிப்படி விளக்கின் கழுத்தில் வைத்தேன்.
இருநூற்று முப்பத்தெட்டு.

பூட்டைப் பார்த்தேன். பூட்டியிருக்கிறது.
சாவியைத் தொட்டேன். இருக்கிறது.
செத்த வீட்டில் ஒரு கம்பி மட்டும்
யார் வீட்டுச் சோற்றையோ தின்றுகொண்டிருக்கிறது.

பதினெட்டாம் எண்ணைத் தட்டினேன்.
இத்வால் ஓவன், கையில் கடித்த டோஸ்ட்.
"இரண்டும் ஒரே வீடாக இருந்தது.
அக்காளும் தங்கையும் பிரித்துக்கொண்டார்கள்.
நடுவில் சுவர். தட்டுகளை எண்ணிப் பிரித்தார்கள்,
பியானோவை விற்றுப் பணத்தைப் பிரித்தார்கள்.
அந்த விளக்கு யார் கணக்கிலும் வரவில்லை.
தங்கை என் மனைவி."
"உங்களுக்குத் தெரியுமா?"
"பில் வருகிறதே."
எத்தனை வருஷம் என்றேன்.
விரல் விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்தினார்.
"அவர்கள் கதவுக்கு மேலே கண்ணாடி உண்டு.
ராத்திரி தெருவிலிருந்து வரும்போது பார்ப்பேன்.
எரிந்தால், பக்கத்தில் ஆள் இருக்கிறது."

என் இரண்டாவது பூட்டை
அவர் பெட்டியில் மாட்ட அனுமதி கேட்டேன்.
டோஸ்ட்டை மீட்டர் மேல் வைத்துவிட்டு
அவரே டார்ச் பிடித்தார்.
மறுபடி முதலிலிருந்து: கருவி, கம்பி, கருவி.
இப்போது இல்லை.

நாலு மணி ஏழானது.
விளக்கை நெஸ்ட்டாவின் பெட்டிக்கு மாற்றினேன்.
அதுதான் முறை.
சுவருக்குள் போன பழைய கம்பியை
இரு முனையிலும் கழற்றினேன்.
ஃப்ரிட்ஜ் மீண்டும் முனகியது.

நான் கிளம்பும்போது
நெஸ்ட்டா மாடிப்படி விளக்கை அணைக்கப் போனாள்.
"ராத்திரி அது எரியட்டும்."
"ஏன்?"
வாய்வரை வந்தது. மழை வலுத்தது.
"பெரிதாக ஒன்றும் பில் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

வேன்வரை
இரண்டு பூட்டும் பைக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.