பிப்ரவரிப் பட்டியல்

பதினோரு நாளாகக் காகிதம் ஓடவில்லை.
மூன்றாம் எந்திரம் மட்டும்
வெறும் வயிற்றோடு மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
நிறுத்தினால் உருளைகள்
தம் எடையிலேயே வளைந்துவிடும்.

ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது,
மூன்றுக்கெல்லாம் இருட்டு.
ஏரி உறைந்து கிடக்கிறது.
ஹெல்சிங்கியிலிருந்து ஒற்றை வரி வந்தது:
"பரிசீலனையில் உள்ளது."
ஓஸ்மோ அந்தத் தாளைக்
காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

ஹில்கா எங்கள் ஷிப்டின் தலைவி.
எல்லாம் சரியாகிவிடும் என்று
அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.
ஆலை ஓடுமா என்று ராய்லி கேட்டாள்.
"தெரியாது."
மூடிவிடுவார்களா?
"அதுவும் தெரியாது.
தெரிந்த அன்றைக்கே சொல்வேன்,
பாதியை விழுங்க மாட்டேன்."
சொல்லிவிட்டு
அளவுகோலை எடுத்து
அட்டையில் கோடு போட ஆரம்பித்தாள்.

பிப்ரவரி.
இருபத்தெட்டுக் கட்டம்.
காலை, மாலை, இரவு என்று
எங்கள் பன்னிரண்டு பேரின் பெயரும்
மையில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
கானல்நீருக்கு வாய்க்கால் வெட்டுகிறாள் என்று
லாக்கர் அறையில் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
"உனக்கு எத்தனை இரவு விழுந்திருக்கிறது?"
என்று மட்டும் கேட்டான் எசா.

போய்ப் பார்த்தேன், சும்மாதான்.
ஆறு.
அதிகம்தான்.

அதன்பிறகு கவனித்தேன்:
அந்தச் சுவரைக் கடக்கும் ஒவ்வொருவரும்
ஒரு கணம் நிற்கிறார்கள்.
ராய்லி கையுறையைக் கழற்றி
தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.
ஊரில் வேறெந்தச் சுவரிலும்
எங்களுக்கு அடுத்த மாதம் இல்லை.

அன்று எண்ணெய் விடும் முறை என்னுடையது.
நேற்றுவரை ஏனோதானோ.
அன்று ஒவ்வொரு தாங்கியிலும்
உள்ளங்கை வைத்துச் சூடு பார்த்தேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவள் மேசைக்குப் போனேன்.
"பத்தொன்பதாம் தேதி
மாலை ஷிப்ட் வேண்டாம் எனக்கு.
மகளுக்குப் பல் டாக்டர்."

நிமிர்ந்தாள்.
எத்தனை நாள் தூங்காத கண்கள் அவை என்று
அப்போதுதான் பார்த்தேன்.

"மையில் எழுதியாயிற்றே,
முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?"
திட்டிக்கொண்டே என் பெயரை அடித்தாள்.
பக்கத்தில் எசாவை எழுதினாள்.
எழுதி முடித்தும்
கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இருட்டிவிட்டது.
பின்னால் எந்திரம் சுற்றும் சத்தம்.
இனி எசாவைச்
சம்மதிக்க வைக்க வேண்டும்.