ஒரு நூல்

விண்டர்தூரில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடி.
இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்
எண்ணெய்க் கறையைத் தரையிலேயே விட்டுவிட்டார்கள்.
கறைக்கு மேலே வெள்ளைச் சுவர்.
சுவரில் மாட்ட வெள்ளைப் படங்கள்.

பதினொன்று.
முதல் பெட்டியைத் திறந்ததும் பெயாட் சொன்னான்,
"படத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டார்கள்."
நான் சிரிக்கவில்லை.
சிரித்தேன், கொஞ்சம்.

என் வேலை மாட்டுவது.
மாட்டுமுன் பார்ப்பது.
ஒவ்வொரு படத்துக்கும் காப்புறுதிப் படிவம் ஒன்று:
கீறல், மடிப்பு, பூஞ்சை, விரல்ரேகை.
உண்டு. இல்லை.
பூக்கள் நிறைந்த படமென்றால் நாலு நிமிடம்.
இவற்றுக்கு முக்கால் மணி நேரம்.
ஒன்றுமில்லை என்று எழுதுவதற்காக
சாய்த்துப் பிடித்த விளக்கோடு
அங்குலம் அங்குலமாகப் போய்த் திரும்ப வேண்டும்.

போனேன்.
வெள்ளைக்குள் சாம்பல் இருந்தது.
விளிம்பைத் திருப்பினால் ஏழு பூச்சு,
ஏழாவதில் தூரிகை ஓரிடத்தில் தயங்கியிருந்தது.
அடுத்தது காகிதம்: ஒரேயொரு பென்சில் கோடு,
முக்கால்வாசி தூரம் போய்
யாரோ கூப்பிட்டதுபோல் நின்றுவிட்ட கோடு.
புகைப்படங்கள் மூன்று.
குடியிருந்தவர்கள் காலிசெய்த வீட்டுச் சுவர்கள்,
நாட்காட்டி தொங்கிய இடம் மட்டும் வெளிறி.
ஆணி அப்படியே.

நாலாவது வெள்ளையில்,
இடது கீழ் மூலையில்,
ஒரு புள்ளி.

ஊதினேன், பறக்கவில்லை.
ஈயில்லை.
சேதமா, படமா?
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.

ஊர்சினாவுக்குப் போன் போட்டேன்.
கூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.
"புள்ளியா? நான் வை..."
வாலன் ஏரியோரச் சுரங்கம் மீதியை விழுங்கிற்று.
வைத்தேன் என்றாளா, வைக்கவில்லை என்றாளா?
என் பேனை உண்டுக்கும் இல்லைக்கும் நடுவில்
நின்றது, எட்டு நிமிடம்.
பெயாட் ஒரு ஆப்பிளைத் தின்று முடித்தான்.

மறுபடி மணி அடித்தது.
"விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்?"
அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்.
வாயில் வந்ததென்னவோ,
"ஒரு நூல்."
தச்சுப்பட்டறையில் பழகிய வாய்.
"நூலா?"
"அங்குலத்தில் எட்டில் ஒன்று. எங்கள் கணக்கு."
நூலைப் புத்தகம் என்றும் சொல்வோம் என்று
சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன்.
அங்கே நிசப்தம்.
ரயில் நிற்கிற சத்தம்.
பிறகு, "ம்."

வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே
அந்த மூலையின் முன் குந்தினாள்.
எங்கள் வீட்டில் அரிசியில் கல் பார்ப்பார்கள், அப்படி.
தன்னுடையதில்லை என்றாள்.
துடைக்கட்டுமா என்றேன்.
பதிலில்லை.
எழுந்து, எதிர்ச் சுவர்வரை பின்னால் நடந்து,
அங்கிருந்து சொன்னாள்:
"படத்தை ஒரு நூல் இறக்குங்கள்."
ஜெர்மன் வாக்கியத்தின் நடுவே
அந்தச் சொல் கால் வழுக்கி, சமாளித்து நின்றது.

கொக்கியைத் தளர்த்தினேன்.
ரசமட்டத்தில் குமிழி
இரண்டு கோட்டுக்குள் வந்து அடங்கியது.
மாறியது ஒன்றுமில்லை.
ஆனால் சுவர் முழுக்கச் சற்றுமுன்தான்
உட்கார்ந்ததுபோல் இருந்தது.

திறப்புவிழா அன்று பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர்
இதை என் பேரனே செய்வான் என்றார்.
பேரன் பக்கத்தில்தான் நின்றான்.
"எறும்பு," என்றான்,
போகட்டும் என்று வழிவிட்டு ஒதுங்கி.

விருந்தினர் போன பிறகு,
காலி வைன் கிளாஸ்களுக்கு நடுவே படிவம்,
இன்னும் நிரப்பாத ஒரு கட்டத்தோடு.
"அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்னதையே எழுதலாமா?
எங்களிடம் அதற்கு எழுத்து இருக்கிறது."
எழுதிக் காட்டினேன்.

ம்

மேலே புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும் என்றேன்.
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது,
சொன்ன பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை.
எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள
காகிதத்தைப் பார்த்தாள், வெகுநேரம்.
"இது எவ்வளவு?"

இத்தனை வருடம் எழுதுகிறேன்.
அளந்ததில்லை.