பிடியரிசி

எங்கள் மலையில் உலை வைக்கும்போதெல்லாம்
ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள்.
ஞாயிறன்று அதை ஆலயத்தில் கொட்டி
அளந்து விற்ற பணத்தில்தான்
என்னை இங்கே அனுப்பினார்கள்.
புதுவயலுக்கு. அரிசி ஆலைகளின் ஊருக்கு.
முதல் வாரம் சிரித்தேன்.
அப்புறம் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

வாடகை, இரண்டாயிரம் பிடி.
மூத்தவனின் பள்ளி வேன், நானூறு.
சின்னவளின் ஐஸ்கிரீம், எட்டு.
அதையும் தெருவில் போட்டுவிட்டு அழுதாள்.
குனிந்து பார்த்தால்
லியான்சாமி அத்தையின் பானை
மண்ணில் உருகிக்கொண்டிருந்தது.

குடியிருப்பது பூட்டிய வீடொன்றின் பின்கட்டில்.
வீட்டுக்காரர் பினாங்கில்.
தூண்கள் பர்மாத் தேக்கு,
எங்கள் மலைக்கு அந்தப்பக்கத்துக் காடு.
அதில் சாய்ந்துதான் மூத்தவன்
ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான்.
இந்த வீட்டார் கடல் தாண்டியது கொடுத்து வாங்க.
நான் வந்தது கொடுக்க மட்டும் என்று
தலையில் கைவைத்து ஜெபித்தார்கள்.
வட்டி தெரிந்த ஊர் இது.
யார் யாருக்குப் பாக்கி என்று
பார்த்த பார்வையில் சொல்லிவிடும்.

டவுன் பஸ்ஸில் நடத்துனர் கேட்கிறார்:
நேபாளமா, சைனாவா?
என் தமிழ் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள்
மூத்தவன் முடித்துவிடுகிறான்:
"புதுவயல்தாண்ணே. அம்மாவுக்கு ஃப்ரீ,
தங்கச்சிக்கு இன்னும் அஞ்சு ஆகல,
எனக்கு ஒரு அரை."

மாப்புயி தூக்கத்தில் தமிழில் சண்டை போடுகிறாள்.
'நூ' என்று என்னைக் கூப்பிட்டு ஆறு மாதம்.
அம்மா என்கிறாள். நல்ல சொல்தான்.
திரும்பிப் பார்க்க மட்டும்
எனக்கு ஒரு நொடி பிந்துகிறது.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல்.
காரைக்குடி அரசு ஆஸ்பத்திரி, இரும்புக் கட்டில்,
தட்டணு இருபத்தெட்டாயிரம்.
ஐசாலில் கூட்டத்துக்குப் போன அவள் அப்பா
எங்கோ ஒரு ரயிலில், சிக்னல் இல்லாமல்.

களத்தில் நெல் துழாவும் பஞ்சவர்ணம் வந்தாள்,
முழங்கால்வரை உமித்தூசியோடு.
மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து
கட்டில் காலில் கட்டினாள்.
"கொப்புடையாளுக்கு நேந்திருக்கேன்.
நீ ஒஞ்சாமிகிட்டயும் சொல்லு.
ராத்திரி முழுக்க
ஒருத்தரேவா முழிச்சிருக்கிறது?"

அவிழ்த்திருக்க வேண்டும்.
பயிற்சியில் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது,
நான் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம்.
விரல் முடிச்சு வரைக்கும் போனது.
பிள்ளையின் கை தொங்கி என் தோளில் பட்டது.
கொதித்தது.
விரலை எடுத்துக்கொண்டேன்.
முழந்தாளிட இடம் அந்தப் பக்கம்தான் இருந்தது,
மறுபக்கம் குளுக்கோஸ் கம்பி.
விடியும்வரை
முடிச்சுக்கு நேராகத்தான் என் நெற்றி.

மூன்றாம் நாள் எண்பதாயிரம்.
கஞ்சி கேட்டாள். ஊறுகாயோடு.

மாத அறிக்கையில்
சந்தித்த வீடுகள்: பதினொன்று.
சாட்சி: மகள் ஜெபத்தால் சுகமானாள்.
பொய்யில்லை.
யாருடைய ஜெபம் என்று கேட்கும் கட்டம்
அந்தத் தாளில் அச்சாகவில்லை.

இன்று செவ்வாய்.
பஞ்சவர்ணம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கிறாள்.
"காசைச் செலுத்தணும். புள்ளையும் வரணும்.
வெயிலுக்கு முந்தித் திரும்பிருவோம்."
மாப்புயி செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு
எனக்கு முன்பே வாசலில்.

உலை கொதிக்கிறது.
எடுத்த பிடியை டப்பாவிலும் போடாமல்
பானையிலும் போடாமல்
கையை மூடியபடி நிற்கிறேன்.
இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.
அரிசி உள்ளங்கையில்
வியர்க்கிறது.