ஊதாதவன்

இருபது பேர் என்று பேசி முன்பணம் வாங்கியாயிற்று.
ஊதத் தெரிந்தவர்கள் பதின்மூன்று.
மீதி ஏழில் நான் உயரம்,
ஆகவே முன்வரிசை.

"கன்னத்த உப்பு, காத்த வுடாத,"
என்றார் ஞானப்பிரகாசம் மாஸ்டர்.
அப்படியும் நம்பாமல்
என் டிரம்பெட்டின் வாயில்
முந்தாநாள் பேப்பரைக் கசக்கித் திணித்தார்.
திணிக்கையில் பார்த்தேன்,
இன்றைக்கு வரப்போகிறவரின் படம்தான்:
பாதி மீசையும் ஒரு கும்பிடும்.

ஓட்டேரியில் ஒரு பஸ் நிழற்குடை.
திறப்பு விழா பத்தரைக்கு.
ரிப்பன் கட்டிவிட்டதால் உள்ளே யாரும் நிற்கக் கூடாது.
பஸ்ஸுக்கு வந்தவர்கள்
எதிர் வெயிலில் நின்று
அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சிவப்புக் கோட்டுக்குள் என் பனியன்
பிழிந்தால் சொட்டும்.

பதினொன்றேகாலுக்கு முதல் கார். ஊதினோம்.
உள்ளே டிரைவரும்
பின் சீட்டு நிறைய சால்வைகளும்.
(ஊதினோம் என்கிறேன் பாருங்கள்.)

பன்னிரண்டே முக்காலுக்கு அவரே வந்தார்.
பத்தாயிரம் வாலா வெடித்தது.
ஜேசிபி தூக்கிக் கவிழ்த்த செவ்வந்தியில்
என் தொப்பிக்கும் அரைக்கிலோ கிடைத்தது.
கன்னம் வலிக்க வலிக்க உப்பினேன்,
கண்ணை மூடினேன்,
ஒரு இடத்தில் தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.
அவர் நின்றார்.
என் தோளைத் தட்டினார், கேமராவைப் பார்த்தபடி.
"சூப்பரா ஊதுறப்பா."
நூறு ரூபாயைக் கோட்டில் குத்திவிட்டுப் போனார்.

பக்கத்தில் எபிநேசருக்கு உதடு வெடித்து
மவுத்பீஸ் எல்லாம் ரத்தம்.
அவன் நிறுத்தவில்லை.
நிறுத்தியிருந்தால்
என் சத்தம் நின்றுபோயிருக்கும்.

பிறகு நூறை அவனிடம் நீட்டினேன்.
"ஒனக்குத்தான குத்துனாரு,"
என்றான், உதட்டை அசைக்காமல்.

ஊதியவருக்குத் தொள்ளாயிரம், எனக்கு நானூறு.
கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
டிரம்பெட்டைக் காலையில் தருகிறேன் என்றேன்,
ஏன் என்று மாஸ்டர் கேட்கவில்லை.

ராத்திரி கணேசபுரம் சுரங்கப்பாதை.
தலைக்கு மேல் ஒரு கூட்ஸ்
முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.
அது முடிந்ததும் பேப்பரை உருவினேன்.
எச்சிலே படாத பித்தளை, புழுக்கத்தில் வியர்த்திருந்தது.
ஊதினேன்.
தண்ணீர் வராத அடிபம்பின் இருமல்.
மறுபடி.
இம்முறை ஒன்று வந்தது,
கோணலாக, நீளமாக,
ஈரச் சுவர்களில் மோதி
என்னைவிடப் பெரிதாக.

அந்தப் பக்க வாயிலில் இட்லி வண்டிக்காரி
சட்டென அடுப்பைத் தணித்தாள்,
வண்டியை ஓரமாகத் தள்ளினாள்,
முந்தானையைச் சரிசெய்து
கரண்டியோடு ஒதுங்கி நின்றாள்.

வெளிச்சத்துக்கு வந்தேன்.
அவள் என்னைத் தாண்டி
எனக்குப் பின்னால் பார்த்தாள்,
வெகுநேரம்.

"யாரும் இல்லக்கா," என்றேன்.
வண்டியின் ஒரு சக்கரம் சாக்கடை மூடியில் சிக்கியிருந்தது.
டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு
நானும் ஒரு கை பிடித்தேன்.