மூடுபனி இறங்கின இடம்

ஒல்ட்டன். நவம்பர். சனிக்கிழமை.
வாத்தியாரின் ரயில் பேர்ணுக்கும் எங்களுக்கும் நடுவே
எங்கோ நின்றுவிட்டதாம்.
"நாட்டார் கதை மாதிரி ஒரு புதுக்கதை.
நாலுபேரும் சேர்ந்து. நான் வரமுதல் முடியுங்கோ"
என்று செய்தி மட்டும் வந்துசேர்ந்தது.

பேனை என்னிடம்.
என் கையெழுத்துத்தான் கோட்டை விட்டு இறங்காது.

'ஒரு ஊரிலே ஒரு ராசா' என்று தொடங்கினேன்.
"இஞ்ச எங்க ராசா, ஆரபி?" என்றான் யதுசன்.
"ஏழுபேர் இருக்கினம். அவையும் ரயிலிலதான் போகினம்."
வெட்டினேன்.
'ஒரு ஊரிலே ஏழு ராசா.
ஒருத்தர் தலையிலும் முடி இல்லை.'
மிதுஷா சிரித்துச் சிரித்து விக்கினாள்,
ஏழு மொட்டையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.
அந்த வரியைத் தொடுவதில்லை என்று முடிவானது.

நரி வேண்டும் என்றேன். கதை என்றால் நரி.
"வந்தால் கடைசியில அடிதான் வாங்கும்," என்றாள் மிதுஷா.
அவள் வீட்டுக் குப்பைத்தொட்டியடியில்
இரவு இரண்டு மணிக்கு ஒரு நரி வந்து நிற்குமாம்,
ஒரு கால் நொண்டி.
அதன் பக்கத்தில் 'தந்திரம்' என்ற சொல்லை
அவள் வைக்கவிடமாட்டாள்.
நரி போய்விட்டது.

யன்னலில் மூடுபனி.
மூன்று கிழமையாய் எதிர்க்கரை இல்லை.
ஆரே ஆறு சத்தமாக மட்டும் ஓடுகிறது.
"இது ஏன் எங்கட ஊரிலயே கிடக்குது?"
கேட்டது யார் என்று இன்றைக்கும் எங்களுக்குள் வழக்கு.
பனிக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று அடுத்த வழக்கு.
மூன்று சுழி போட்டால் அது வேலைக்குப் போய்விடும்.

முன்னொரு காலத்தில் மூடுபனி
டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியது.
முதல்நாள் இருக்கைக்குக் கீழே படுத்தது,
வால் வெளியே நீண்டது. தண்டம்.
இரண்டாம்நாள் பால்கேனுக்குள் ஒளித்தது,
குடித்த குழந்தை மேகமாய் ஏப்பம் விட்டது. தண்டம்.
மூன்றாம்நாள்
டிக்கெட் பார்க்க வந்தவரின் மூக்குக்கண்ணாடியிலேயே
ஏறி அமர்ந்தது.
அவர் எல்லாரையும் பார்த்தார், ஒருவரும் தெரியவில்லை.
அன்றைக்கு எல்லாரும் சும்மா பயணம் போனார்கள்.
யதுசன் மேசையில் அடித்தான்.

ஒல்ட்டனில் வண்டி மாறும்போது
அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

"பிறகு?"
"பிறகென்ன, பிடிச்சு வந்த இடத்துக்கே அனுப்பிறது," என்றேன்.
கள்ளன் பிடிபட்டால்தானே நாடு செழிக்கும்.

அதுவரை பேசாமல்
அழிறப்பரைப் பேனையால் குத்திக்கொண்டிருந்த காருண்யன்
"எங்க இருந்து வந்ததெண்டு அதுக்கே தெரியாட்டி?" என்றான்.
அவன் இங்கே வந்து பதினான்கு மாதம்.
எங்கள் எல்லாரிலும் தமிழ் கூட வைத்திருப்பவன்,
செலவழிப்பதில்லை.

ஹீற்றர் டிக் டிக் என்றது.
நான் வெட்டிய வெட்டில் கடதாசி கிழிந்தது.

அவன் சொல்ல நான் எழுதினேன்:
மேடையில் இறக்கிவிட்டார்கள்.
நாட்டின் தண்டவாளமெல்லாம் அளக்கத் தொடங்கிய
சுழியக் கல்லுக்கு மேல் அது குந்தியது.
ஏழு ராசாக்களும் வந்தார்கள்.
ஏழு படிவம் நீட்டினார்கள்.
மூடுபனிக்குக் கையெழுத்து வராது.
விரல் வைத்தது,
வைத்த இடமெல்லாம் மை கரைந்தது.
படிவம் இல்லாததை அனுப்பவும் ஏலாது,
வைத்திருக்கவும் ஏலாது என்று
ராசாக்கள் இன்னும் கூடிப் பேசுகிறார்கள்.
அவர்கள் பேசி முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கிறது.

'நீதி' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
"அதை விடு," என்றாள் மிதுஷா.
விட்டேன். கோடு மட்டும் நிற்கிறது.

கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது.
"கத்தரிக்காய் காய்ச்சது ஸ்பெயினில. மிக்ரோவில கிடக்குது."
யதுசன் சொன்னதையும் சேர்த்தோம்.

கதவு திறந்தது. வாத்தியார்.
மீசையில் நீர்த்துளி, கண்ணாடி முழுக்க வெள்ளை.
எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தபடி
கைக்குட்டைக்குக் கையை விட்டார்.

"துடைக்காதேங்கோ சேர்!"
காருண்யன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டான்.