அசல் அல்ல

வண்டிக்காரத் தெருக் கடையில்
கறுப்பும் கலரும் சேர்த்துப் புதுசு இரண்டாயிரத்து முந்நூறு.
பழைய கூட்டைக் கழுவி, மை ஊற்றி, ஒட்டினது
அறுநூற்றைம்பது.
விலை சொன்ன பையன்
என் முகத்தைப் பார்க்காமலே
இரண்டாவதைக் கவரில் போட்டான்.

பாம்பன் பாலம் ஏறும்போது
பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியது.
நான் மடியிலிருந்த டப்பாக்களைச் சாயாமல் பிடித்திருந்தேன்,
குழம்புத் தூக்கைப் பிடிப்பதுபோல.

கறுப்பின் விலாவில் பாதி ஸ்டிக்கர்:
‘கடன் சங்கம், கிளை’ என்பது வரைக்கும்.
ஊர்ப்பெயரை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
எத்தனை நகை ஏல நோட்டீஸ் துப்பின வாயோ.
போன வருஷம் என் ஒற்றை வளையலுக்கு வந்த தாள்கூட
இதற்குள்ளிருந்து வந்திருக்கலாம்.
இருக்கட்டும்.
அது வேறு மை.

மாட்டி மூடியதும்
கர்ரென்று இடமும் வலமும் ஓடிப் பார்த்துவிட்டு
மெஷின் இங்கிலீஷில் ஏதோ கேட்டது.
ஜெனோவா வாசித்துச் சொன்னாள்:
“இது அசல் இல்லையாம். ஏற்கெனவே யாரோ பயன்படுத்தினதாம்.
மேல போகவாங்குது.”

இந்த வீட்டில் யாரும் பயன்படுத்தாதது எது?
மெஷினே மண்டபத்தில் மூடிப்போன ஸ்டுடியோவுடையது.
அவர் வள்ளத்து எஞ்சின் மூன்று பேர் கை மாறினது,
நடுக்கடலில் நின்றால்
திட்டிக்கொண்டே கழற்றி மாட்டுவார், ஓடும்.
‘சரி’யை அமுக்கினேன்.

மை அளவு காட்டும் கட்டத்தில்
முதல் தாளிலிருந்தே பூஜ்யம்.
பக்கத்தில் மஞ்சளாய் ஓர் ஆச்சரியக்குறி.
காலி, காலி என்று சொல்லிக்கொண்டே
தடைக்கால நிவாரண மனு
நாற்பத்தாறு அடித்துத் தள்ளியது.
தாள் மூன்று ரூபாய்.
சூசையம்மாளுக்கு மட்டும் கடன்.

மூன்று நாள் ஓட்டாமல் விட்டால்
உப்புக்காற்று வாயை அடைத்துவிடும்.
வெந்நீரில் நனைத்த துணியில் குப்புற வைத்து
அறுபது எண்ணுவேன்.
சிவப்பு வரும். மஞ்சள் வரும்.
நீலம்தான் பிணங்கும்.
அப்படியொரு நாள்தான்
ஜெனோவாவின் மாவட்ட வரைபடத்தில்
தொண்டி வந்தது, தேவிபட்டினம் வந்தது,
தீவும் பாலமும் வந்தன,
கடல் வரவில்லை.
“டீச்சர் கேட்டா?”
“வத்திருச்சுன்னு சொல்லு.”
அவள் சிரிக்கவில்லை.
ஸ்கெட்ச் பேனாவை எடுத்து
கோடு கோடாய்க் கடல் போட்டுக்கொண்டிருந்தாள்,
கரண்ட் போகும்வரை.

நான் சொல்ல வந்தது வேறு.

நண்டுக் கம்பெனியில் ஆறு வருஷம் ஓடு பிரித்த பெருவிரல் இது.
ரேஷன் கடை மெஷின்
மாதாமாதம் இதைப் பார்த்துப் பொருந்தவில்லை என்கும்.
“தொடச்சு வைங்க. இந்தக் கை. அந்த விரல்.
வெயில் தாழ வாங்களேன்.”
அந்த மெஷினும் கேள்வி கேட்பதுதான்.
அமுக்க எனக்கொரு ‘சரி’ அங்கே இல்லை.

இந்த மாதம்
நீலத்துக்கு அடைப்பெடுத்த கையோடு போய்விட்டேன்.
சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகாமல்
தேய்ந்த தோலின் பள்ளங்களில் மை நின்றது.
என் விரலில் இன்னும் இவ்வளவு கோடு இருக்கிறதா என்று
வரிசை நகர்வது தெரியாமல்
பார்த்துக்கொண்டே நின்றேன்.

வைத்தேன்.
ஒரே தடவை. பீப்.
பில் நீண்டு வந்தது.

மையால்தானா,
இல்லை அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைத்திருந்தாரா,
எனக்குத் தெரியாது.

அடுத்து நின்ற சூசையம்மாள்
பில்லைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.
“ஒங்க வீட்டு மெஷின் மையா?” என்றாள்.
அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு
தன் பெருவிரலை
என் முன்னால் நீட்டினாள்.